பட்டா பெண்கள் பேரில்!
(பாராட்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கீழத் தஞ்சையின் உழைப்பாளி மக்களுக்காக வாழ்நாளைச் செலவிட்ட ஒரு பெண்மணியைப் பாராட்ட நாம் கூடியிருக்கிறோம். கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன் அவர்களைத்தான் சொல்கிறோம். 1926-ல் திண்டுக்கல் பகுதியில், நிலமில்லாத ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். அந்தக் காலத்திலேயே கல்லூரி வரை படித்தவர். படித்து முடித்ததும் உத்தியோகம் தேடிப் போகவில்லை. சேற்றில் நிற்கும் ஜனங்களிடம் வந்தார்.

அவர் காந்தியவாதி. நமது பாதை வேறு. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உழுகிறவனுக்கு நிலம் வேண்டும் என்ற இடத்தில் அவரும் நாமும் ஒரே வரப்பில் நிற்கிறோம்.

1968 டிசம்பர் 25 இரவை யார் மறப்பார்? கூடுதல் நெல் கூலி கேட்டுச் சங்கமாகச் சேர்ந்து நின்றதற்காக, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். அந்தக் கொடுமைக்குப் பிறகு கிருஷ்ணம்மாளும் கணவர் ஜெகந்நாதனும் இந்த வட்டாரத்துக்கு வந்தார்கள். அனுதாபம் சொல்லிவிட்டுத் திரும்பிப் போகவில்லை. இங்கேயே தங்கினார்கள்.

1981-ல் 'உழுபவனின் நில உரிமை இயக்கம்' பிறந்தது. வேலை எப்படி நடந்தது? நிலத்தை விற்க முன்வந்த மிராசுதாரையும் நிலமற்றவர்களையும் நேருக்கு நேர் உட்கார வைத்து விலை பேசினார்கள். வங்கிக் கடனுக்கு அலைந்தார்கள். கடனைக் குடும்பங்கள் விளைச்சலிலிருந்து அடைத்தன. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஒரு ஏக்கர். இப்படி ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நிலம் பெற்றன.

பட்டா யார் பேரில்? பெண்கள் பேரில்! அதில் நியாயம் இருக்கிறது. நாற்று நடுகிறவள் அவள். களை எடுக்கிறவள் அவள். ஆண்பிள்ளை கள்ளுக்கும் கடனுக்கும் நிலத்தை எழுதிக் கொடுக்கலாம். உலையில் அரிசி போட வேண்டியவள் அவ்வளவு சுலபமாகக் கைநாட்டு வைக்க மாட்டாள்.

பிறகு இறால் பண்ணை முதலாளிகள் வந்தார்கள். வயலில் உப்பு நீர் தேங்கியது. குடிநீர்க் கிணறு கெட்டது. நூறு பேருக்கு நடவு வேலை தந்த நிலத்தில் நாலு காவல்காரருக்கு மட்டுமே வேலை! இந்தத் தம்பதியர் மக்களைத் திரட்டினார்கள். ஜெகந்நாதன் வழக்குத் தொடுத்தார். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறைப் பகுதியிலுள்ள இறால் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது.

2008-ல் 'மாற்று நோபல்' எனப்படும் பரிசும், 2020-ல் பத்மபூஷணும் அவருக்குக் கிடைத்தன. நல்லதுதான். ஆனால் மாலையும் பட்டயமும் ஏழையின் வயிற்றை நிரப்பாது.

பஞ்சாலைத் தோழர்களே! உங்கள் கையில் சங்கம் எப்படியோ, அப்படித்தான் விவசாயத் தொழிலாளியின் கையில் அந்த ஒரு ஏக்கர். அது இருந்தால் கூலியைப் பேசிக் கேட்கலாம். இல்லாவிட்டால் கொடுத்ததை வாங்க வேண்டும்.

ஆகவே, தாய்மார்களே! பெற்ற பட்டாவை வட்டிக்கடைக்காரனிடம் அடகு வைக்காதீர்கள். அண்டை வீட்டுக்காரி வைக்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள். நிலம் கிடைக்காத குடும்பங்களுக்கு மனு எழுதுங்கள், கூட்டமாகப் போய்க் கேளுங்கள். கிருஷ்ணம்மாளுக்கு நாம் செய்யும் மரியாதை இதுவே!