கடலைப் பார்த்த சுவர்கள்

(கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



அந்தமான் போய் வந்தேன் என்று சொன்னதுதான் தாமதம், நம் செயலாளர் "அடுத்த கூட்டத்தில் கால் மணி நேரம் பேசிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டார். செல்லுலார் சிறையை உங்களில் பலர் நேரிலேயே பார்த்திருப்பீர்கள். எனவே ஒரு வழிகாட்டியுடன் நாள் முழுக்க நடந்து பார்த்த காவல் சுவர்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

காவல் சுவர் என்றதும் நமக்குச் செஞ்சிதான் ஞாபகம் வரும். மூன்று மலைகளைச் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில். 2025-இல் யுனெஸ்கோ பட்டியலிலும் இடம் பெற்றுவிட்டது. ராஜாராம் உள்ளே இருந்தபோது ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகர் கான் 1690-இல் முற்றுகை போட்டார். கோட்டை கைக்கு வந்தது 1698-இல். அந்த மதில் தன் வேலையைச் செய்தது என்றே சொல்ல வேண்டும். அந்தமானில் நான் பார்த்த சுவர்களின் கதை வேறு.

போர்ட் பிளேருக்கு 2024 முதல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து படகு ஏறினால் சிறிது நேரத்தில் ராஸ் தீவு. அதற்கும் 2018-இல் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் தீவு என்று பெயர் மாற்றிவிட்டார்கள். படகுக்காரர்கள் இன்னும் ராஸ் என்றே சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், மன்னிக்கவும்.

எங்கள் வழிகாட்டி ஓர் இளைஞர். பாட்டனார் காலத்தில் இங்கிருந்து போய்க் குடியேறிய குடும்பம். படகிலிருந்து இறங்கியதும் மாமிகள் காபி எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். அவர் முதலில் காட்டியது ஜப்பானியர் கட்டிய பதுங்குகுழியை. தடித்த சுவர், உள்ளே குனிந்துதான் நிற்க வேண்டும், கடலைப் பார்த்த மாதிரி நீளமான ஓர் ஓட்டை. "இந்த ஓட்டை வழியா பாருங்க சார்" என்றார். நீலக் கடலும் ஒரு படகும் தெரிந்தன. எதிரிக் கப்பலை எதிர்பார்த்து இரவு பகலாக ஒருவன் அங்கே கண் வைத்திருந்திருக்கிறான்.

மேலே ஏறும் பாதை நெடுக பிரிட்டிஷாரின் ஊர். 1858 மார்ச் 10-ஆம் தேதி டாக்டர் வாக்கர் என்பவர் 200 கைதிகளுடன் வந்து இறங்கினார். காட்டை வெட்டியதும் கட்டடம் எழுப்பியதும் கைதிகள்தான். அடுத்த எண்பது ஆண்டுகளுக்கு மேல் அந்தக் குட்டித் தீவுதான் தலைமையகம். மாதா கோயில், கமிஷனர் பங்களா, நடன மண்டபம், ரொட்டிக் கிடங்கு, அச்சகம், டென்னிஸ் மைதானம் எல்லாம் இருந்தன. இப்போது கூரை எதற்கும் இல்லை. ஆலமர வகைகளின் வேர்கள் சுவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சில இடங்களில் சுவர் வேரைத் தாங்குகிறதா, வேர் சுவரைத் தாங்குகிறதா என்றே சொல்ல முடியவில்லை. புள்ளிமான்கள் கையில் உள்ள பிஸ்கட்டைப் பிடுங்கிக்கொண்டு போகின்றன.

1941 ஜூனில் பெரிய பூகம்பம் வந்து தீவு சேதமானது. 1942 மார்ச் 23-ஆம் தேதி ஜப்பானியர் இறங்கியபோது எதிர்த்துச் சண்டை போட அங்கே யாரும் இல்லை. அத்தனை கால ராஜ்யம் எதிர்ப்பே இல்லாமல் கை மாறியது. வந்தவர்கள் துரைமார்களின் கட்டடங்களை இடித்து, அந்தச் செங்கல்லையும் கொண்டு பதுங்குகுழி கட்டினார்கள் என்று வழிகாட்டி சொன்னார். தீவின் மறுபக்கம் பாறை ஓரமாக இறங்கி நடந்தபோது மேலும் சிலவற்றைக் காட்டினார்.

"கட்டினது யாரு தெரியுமா சார்? ஜப்பான்காரன் துப்பாக்கியைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். மண்ணு சுமந்தது நம்ம ஜனங்க."

அவர் சொன்னதில் மிகை இல்லை. விமானத் தளம் போடவும் காவல் வேலைகளுக்கும் ஊர் ஜனங்களைக் கட்டாயமாக வேலை வாங்கினார்கள். அந்த ஓட்டைகள் வழியாகக் காத்திருந்த பிரிட்டிஷ் படை தீவை மீட்கச் சண்டை போட்டு இறங்கவே இல்லை. 1945-இல் ஜப்பான் சரணடைந்த பிறகுதான், அக்டோபரில், வந்து பொறுப்பேற்றது. சுவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தது. அதற்குப் பின்னால் இருந்தவர்களுக்கு நடந்ததைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

டாக்டர் திவான் சிங் என்பவர் அங்கே மருத்துவர், பஞ்சாபிக் கவிஞர். உளவாளி என்று சொல்லி 1943 அக்டோபரில் பிடித்துச் செல்லுலார் சிறையில் அடைத்து வதைத்தார்கள். டிசம்பர் 30-ஆம் தேதி நேதாஜி ஜிம்கானா மைதானத்தில் கொடியேற்றினார். அன்றும் திவான் சிங் சிறையில்தான் இருந்தார். ஜப்பானியர் காட்டியதையே நேதாஜியால் பார்க்க முடிந்தது. 1944 ஜனவரி 14-ஆம் தேதி திவான் சிங் இறந்துபோனார். ஜனவரி 30-ஆம் தேதி ஹம்ப்ரிகஞ்ச் என்ற இடத்தில் 44 பேரைச் சுட்டுக் குழியில் தள்ளினார்கள். நேதாஜி கொடியேற்றி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது! 1945 ஆகஸ்டில், சாப்பாட்டுக்குப் பஞ்சம் வந்தபோது, நூற்றுக்கணக்கானவர்களைக் கப்பலில் ஏற்றி ஹேவ்லாக் தீவுப் பக்கம் கடலில் தள்ளிவிட்டார்கள். கரையேறியவர்களில் பெரும்பாலோர் பட்டினியால் மாண்டார்கள். இன்று நம் குழந்தைகள் தேனிலவுக்குப் போகும் அதே ஹேவ்லாக்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஹம்ப்ரிகஞ்சுக்குப் போக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எங்கள் பயணத் திட்டத்தில் அது இல்லை. கோஷ்டியில் பாதிப் பேர் கடைத்தெருவுக்குப் போய்விட்டார்கள். மீதி ஆறு பேர் வண்டி பிடித்தோம். அங்கே தியாகிகள் நினைவிடம் இருக்கிறது. நாங்கள் இருந்த அரை மணி நேரத்தில் வேறு யாரும் வரவில்லை. வழிகாட்டி செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்று தள்ளி நின்றார். காலையிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டு வந்தவர், அங்கே ஒரு வார்த்தை பேசவில்லை.

செல்லுலார் சிறையில் ஒலி ஒளிக் காட்சிக்கு எத்தனை கூட்டம்! அங்கே கூட்டம் கூடுவது நியாயமே. வெள்ளைக்காரன் செய்ததை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம். அந்த மூன்றரை வருஷத்தைச் சுற்றுலாக்காரர்கள் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். நேதாஜியின் பெயரோடு சேர்த்துச் சொல்லச் சங்கடமாக இருப்பதால்தானோ என்னவோ. எனக்கு அந்தச் சங்கடம் புரிகிறது. ஆனால் அந்த 44 பேரில் பலர் அவர் பக்கம் நின்ற இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள் என்பதை மறைக்க வேண்டிய அவசியம் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நம் கிளையிலிருந்து அடுத்த கோஷ்டி போவதாகக் கேள்விப்பட்டேன். முன்கூட்டியே ஏற்பாட்டாளரிடம் சொல்லி ஹம்ப்ரிகஞ்சையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ராஸ் தீவுக்குக் காலை முதல் படகிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் மேட்டில் நடப்பது சிரமம். முழங்கால் வலி உள்ளவர்கள் பாறைப் பக்கம் இறங்க வேண்டாம். குடிதண்ணீரைக் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள்.