ஓட்டத்தின் யாப்பு

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விழாவில் எதைப் பற்றிப் பேசப்போகிறேன் என்று செயலாளர் கேட்டார். "ஓட்டம்" என்றேன். சந்த ஓட்டத்தைச் சொல்கிறேன் என்று எண்ணி அவர் மகிழ்ந்துபோனார். நான் சொன்னது காலால் ஓடும் ஓட்டம். உண்மை தெரிந்தபோது அழைப்பிதழ் அச்சாகிவிட்டிருந்தது. ஆகவே நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2022ஆம் ஆண்டில், என் 54ஆம் வயதில், இரத்தத்தில் சர்க்கரை கூடியிருக்கிறது என்று சொல்லி மருத்துவர் நடக்கச் சொன்னார். நடந்தேன். நடை மெல்ல ஓட்டமாயிற்று. இரண்டாண்டுகளுக்குள் அரை மாரத்தான் ஓடும் துணிவு வந்தது. அதாவது 21.0975 கிலோமீட்டர். புள்ளிக்குப் பின்னால் நிற்கும் அந்த எண்களுக்கு ஒரு கதை உண்டு. 1908ஆம் ஆண்டு இலண்டன் ஒலிம்பிக் போட்டியில், வின்ட்சர் கோட்டையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தாரின் இருக்கைக்கு முன்னே முடியும்படி மாரத்தான் பாதையை அமைத்தார்கள். 26 மைல் 385 கஜம் வந்தது. 1921இல் அதுவே நிலையான அளவாயிற்று. அதில் பாதி எங்களுடையது. அரச குடும்பத்தின் வசதிக்குப் பிறந்த அளவு என்று சில ஓட்டக்காரர்கள் குறைப்படுவதுண்டு. எனக்கு அந்தக் குறை இல்லை. வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நிற்கவேண்டும் என்பதற்கு நாம் யாரிடம் காரணம் கேட்டோம்?

முதல் ஓட்டம் சென்னையில், 2024 சனவரியில். கிழக்கு வெளுப்பதற்கு முன்பே கடற்கரைச் சாலை நிறைந்திருந்தது. கிலோமீட்டருக்கு 7 நிமிடம் என்பது என் திட்டம். அப்படி ஓடினால் 2 மணி 28 நிமிடத்தில் எல்லைக் கோட்டைத் தொடலாம். மாதக்கணக்கில் பழகிப் பழகி உடம்புக்குத் தெரிந்த வேகம் அது. ஆனால் கூட்டத்தின் ஆரவாரத்திலும் கடற்காற்றிலும் அது ஆமை நடையாகத் தோன்றிற்று. பக்கத்தில் 20 வயதுப் பிள்ளைகள் இருவர் பேசிச் சிரித்தபடி ஓடினார்கள். "வாங்க சார், சூப்பரா ஓடுறீங்க!" என்றான் ஒருவன். அந்த ஒரு சொல்லுக்கு நான் விலைபோனேன். கவியரங்கத்தில் முதல் வரிக்கே கைதட்டல் பெற்றவர்களுக்கு என் நிலை விளங்கும்.

10 கிலோமீட்டரை 61 நிமிடத்தில் கடந்தேன். திட்டத்தைவிட 9 நிமிடம் முன்னே. இனிச் சற்றுத் தளர்ந்தாலும் இந்த 9 நிமிடம் கைவசம் இருக்கிறது என்று மனம் கணக்குப் போட்டது. 15ஆம் கிலோமீட்டர் வரை அந்தச் சேமிப்பைக் காத்தும் வைத்தேன். பிறகு நடந்ததை உவமை இல்லாமல் சொல்கிறேன். தொடைகள் இறுகின. கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தண்ணீர்ப் பந்தலில் நின்றேன். நின்ற கால்கள் மறுபடி ஓட மறுத்தன. மீதி 6 கிலோமீட்டரைப் பெரும்பாலும் நடந்தே தீர்த்தேன். 65 நிமிடம் ஆயிற்று. மொத்தம் 2 மணி 41 நிமிடம். சேர்த்து வைத்திருந்த 9 நிமிடமும் போய், மேலும் 13 நிமிடம் கடன்பட்டேன். அந்தப் பிள்ளைகள் எப்போது முடித்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

இதன் காரணத்தைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். தசைகளிலும் கல்லீரலிலும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்து ஓரளவுதான் சேர்ந்திருக்கும். விரைந்து ஓடும்போது உடல் கொழுப்பைவிட அதையே மிகுதியாக எரிக்கிறது. போதாததற்கு நம் கடற்கரையின் ஈரக்காற்று. வியர்வை வழிகிறதேயன்றி உலர்வதில்லை. உலராத வியர்வை உடலைக் குளிர்விப்பதும் இல்லை. வெப்பத்தை வெளியேற்றத் தோலுக்கும் இரத்தம் வேண்டும், உழைக்கும் தசைக்கும் இரத்தம் வேண்டும். இரண்டுக்கும் ஈடுகொடுக்க இதயம் மேலும் மேலும் விரைந்து துடிக்கிறது. வேகம் மாறாதிருந்தாலும் துடிப்பு ஏறிக்கொண்டே போகும்.

இதில் என்னை வியக்க வைத்தது ஒன்று. சீரான வேகம் ஓடுகிறவனுக்குச் சீராகத் தோன்றுவதே இல்லை. அதே 7 நிமிடம் தொடக்கத்தில் அவமானமாக இருக்கிறது, நடுவில் இயல்பாக இருக்கிறது, இறுதியில் கொடுமையாக இருக்கிறது. கண்ணிமைக்கும் நேரத்தையும் கைநொடிக்கும் நேரத்தையும் கொண்டு மாத்திரையை அளந்தவர்கள் நம் இலக்கணிகள். உடம்பையே கடிகாரமாக நம்பினார்கள். அந்த நம்பிக்கை எழுத்துக்குப் பொருந்தியது. 21 கிலோமீட்டருக்குப் பொருந்தவில்லை.

சூத்திரங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து செல்லும் நிலையை நன்னூலார் ஆற்றொழுக்கு, அரிமா நோக்கு, தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு என நான்காகச் சொன்னதை அறிவீர்கள். என் முதல் ஓட்டம் தவளைப் பாய்த்து என்பதில் ஐயமில்லை. உலகின் சிறந்த ஓட்டங்களோ பெரும்பாலும் ஆற்றொழுக்கு. 2019 அக்டோபரில் வியன்னா நகரில் எலியுட் கிப்சோகே முழு மாரத்தானை 1 மணி 59 நிமிடம் 40 நொடியில் ஓடினார். ஒவ்வொரு கிலோமீட்டரும் 2 நிமிடம் 48 நொடிக்கும் 52 நொடிக்கும் இடையில் அமைந்தது. ஆனால் முறை வைத்து மாறிமாறி வந்த துணை ஓட்டக்காரர்கள் காற்றைத் தடுத்துக் கூடவே ஓடினார்கள். முன்னே சென்ற வண்டி சாலையில் ஒளிக்கோடு வரைந்து வேகம் காட்டியது. ஆகவே அது முறையான சாதனையாக ஏற்கப்படவில்லை. எதுகை மோனையெல்லாம் பிறர் எடுத்துக் கொடுக்க எழுதிய பாட்டைப் போல என்று சொன்னால் அந்த மாமனிதருக்கு அநீதி செய்தவனாவேன். இருந்தாலும் என் மனம் தங்குவது வேறொருவரிடம்.

கெல்வின் கிப்டம் என்ற கென்ய இளைஞர் 2023 அக்டோபர் 8ஆம் நாள் சிகாகோவில் 2 மணி 35 நொடியில் ஓடி உலகச் சாதனை படைத்தார். முதற்பாதி 60 நிமிடம் 48 நொடி. பிற்பாதி 59 நிமிடம் 47 நொடி. களைத்த கால்களால் ஓடிய பாதிதான் விரைவானது! அவர் ஓடிய மாரத்தான்கள் மூன்றே, மூன்றிலும் இப்படித்தான். 2024 பிப்ரவரியில், 24 வயதில், கார் விபத்தில் மறைந்துவிட்டார். அவருடைய முதற்பாதிகளைப் பார்க்கிறேன். அவற்றில் கஞ்சத்தனம் இல்லை. உலகில் மிகச் சிலரே ஓடக்கூடிய வேகம் அது. அதற்குமேல் ஒன்று கையில் இருந்தது, அவ்வளவே.

இங்கே என் சொந்தக் கணக்கு ஒன்றைத் திறக்கவேண்டியிருக்கிறது. வட்டத்தின் இரண்டாம் ஆண்டில், 2016இல், நான் ஒரு குறுங்காவியம் தொடங்கியது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். முதற்படலத்தை வாசித்த மாலையில் நீங்கள் எழுந்து நின்று கைதட்டினீர்கள். பத்துப் படலம் எழுதுவதாக அறிவித்தேன். ஆறோடு நின்றுபோயிற்று. வேலைப்பளு என்றும், மகள் திருமணம் என்றும் உங்களிடம் காரணம் சொன்னேன். உண்மை அதுவன்று. என்னிடமிருந்த நல்ல படிமங்களையெல்லாம் முதற்படலத்திலேயே கொட்டிவிட்டேன். ஏழாம் படலத்துக்கு முன்னால் கெண்டைக்கால் பிடித்த மனிதனாக நின்றேன். ஓடிப் பார்க்கும் வரையில் இது எனக்கு விளங்கவில்லை.

இந்த 2025 சனவரியில் இரண்டாம் முறை ஓடினேன். 2 மணி 30 நிமிடம் என்று எழுதிய கொடியை ஏந்தி ஓடும் வழிகாட்டியின் அருகிலேயே தொடங்கினேன். யார் புகழ்ந்தாலும் காதில் போட்டுக்கொள்வதில்லை என்ற விரதம். முதல் 10 கிலோமீட்டர் 72 நிமிடம். அடுத்த 10 கிலோமீட்டர் 70 நிமிடம். கடைசி ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுமேல் எஞ்சியபோது விட்டேன் பாய்ச்சலை; 6 நிமிடத்தில் முடித்தேன். 2 மணி 28 நிமிடம். திட்டம் நிறைவேறியது.

வீட்டுக்கு வந்து கடிகாரக் கணக்கை மனைவியிடம் பெருமையோடு காட்டினேன். கணக்காசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எண்களை மேலிருந்து கீழ்வரை படித்துவிட்டு, "கடைசியில் இவ்வளவு வேகமாக ஓட முடிந்திருக்கிறதே, இந்தத் தெம்பையெல்லாம் அதுவரை யாருக்காக எடுத்துவைத்திருந்தீர்கள்?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. அவர் கேட்ட கேள்வி காலைப் பற்றியது மட்டுமன்று என்று அன்றிரவு தோன்றிற்று. காவியம் நின்றபின் நான் எழுதிய கவிதைகளை நீங்கள் அறிவீர்கள். சிறியவை, அளவானவை, தளை தட்டாதவை. வாசித்து முடித்ததும் "குறையொன்றும் இல்லை" என்பீர்கள். எட்டாண்டுகளில் "நன்று" என்று ஒருவரும் சொன்னதில்லை. முதல் ஓட்டத்தில் விழுந்ததைப் பற்றி இன்றும் நண்பர்களிடம் சிரித்துச் சொல்ல முடிகிறது. இரண்டாம் ஓட்டத்தின் மிச்சத்தை அப்படிச் சொல்ல வரவில்லை.

வரும் சனவரிக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். கொடி பிடித்தவரோடு 12 கிலோமீட்டர் வரை செல்வேன். அங்கே அவரை விட்டு முன்னே போவதாக எண்ணம். 15ஆம் கிலோமீட்டரில் என்ன ஆகும் என்பது போன பிறகுதான் தெரியும். காவியத்தின் கட்டையும் பரணிலிருந்து இறக்கிவிட்டேன். முதற்படலத்தில் பாதியை அடித்துவிட்டேன்; நீங்கள் கைதட்டிய வரிகள் சிலவும் போய்விட்டன, பொறுத்தருள வேண்டும். ஏழாம் படலத்தில் 40 அடி எழுதியிருக்கிறேன். அடுத்த மாதக் கூட்டத்தில் நேரம் ஒதுக்கும்படி செயலாளரை இந்த மேடையிலேயே கேட்டுக்கொள்கிறேன்.