மேனேஜர் மாறினாலும் பேச்சு மாறக்கூடாது

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். மேடைப் பேச்சு பழக்கமில்லை. கோழி வளர்ப்பைப் பற்றிப் பேசச் சொன்னாங்க. வளர்ப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். அதனால் குஞ்சு விற்க வருகிறவரிடம் நாம் எப்படிப் பேசணும் என்பதை மட்டும் சொல்றேன்.

எங்கள் ஊராட்சியில் 4 குழுக்கள் நாட்டுக்கோழி வளர்க்கிறோம். எல்லோரும் ஒரே கம்பெனியில்தான் குஞ்சு வாங்குறோம். முன்பு இருந்த ஏரியா சேல்ஸ் மேனேஜர் 100 குஞ்சுக்கு 5 குஞ்சு சேர்த்துக் கொடுப்பார். வண்டியில் செத்ததையும் பில்லில் கழிச்சுக்குவார். எல்லாம் வாய்ப்பேச்சுதான். சித்திரையில் அவரை வேறு மாவட்டத்துக்கு மாற்றிட்டாங்க. புது மேனேஜர் வந்தார். அடுத்த லோடில் 100-க்கு 100தான் இருந்தது. அதிலும் 8 செத்துக் கிடந்தது. கேட்டதற்கு, "அப்படி எதுவும் எங்கள் கணக்கில் இல்லீங்க" என்றார்கள். பழையவர் பேச்சு பழையவரோடவே போயிடுச்சு. எங்கள் குழுவில் ஒரு அக்கா கடன் எடுத்துக் குஞ்சு இறக்கியிருந்தார். குஞ்சு செத்தாலும் தவணை நிற்காதே!

"புது ஆள் சரியில்லை, வேற கம்பெனி பார்ப்போம்" என்று சிலர் சொன்னார்கள். எங்கள் ஊக்குநர்தான், "ஆளைத் திட்டி என்ன ஆகப்போகுது? நம்ம கூட்டத்துக்கே வரச் சொல்லுவோம்" என்றார். அவரும் வந்தார். சின்ன வயசுதான். எங்களில் மூத்த அம்மா, "முதல்ல டீ குடிங்க தம்பி, அப்புறம் கணக்குப் பேசுவோம்" என்று உட்கார வைத்தார்.

அவர் பக்கத்துக் கஷ்டமும் அன்றைக்குத்தான் விளங்கியது. முட்டையை மிஷினில் வைத்தால் 21-ம் நாள் குஞ்சு வந்தே தீரும். நெல் மூட்டை மாதிரி குடோனில் அடுக்கி வைக்க முடியாது. பொரிச்ச குஞ்சு வயிற்றில் இருக்கிற மஞ்சள் கருவை வைத்து இரண்டு மூன்று நாள் உயிரோடு இருக்கும். ஆனால் நேரத்தில் தண்ணியும் தீவனமும் கிடைக்காவிட்டால் சோர்ந்துபோகும். அதனால் முன்கூட்டியே ஆர்டர் கிடைப்பதுதான் அவருக்கு நிம்மதி. நாம் தனித்தனியாக 50, 100 என்று போன் போட்டால் அவருக்கு வண்டிச் செலவு கூட கட்டாது. 4 குழுவும் சேர்ந்து ஒரே நாளில் 1,000 குஞ்சு என்றால் நம் பேச்சுக்கு மரியாதை வருது.

நாங்கள் 4 விஷயம் எழுதிக் கேட்டோம்.

1. மாரெக்ஸ் தடுப்பூசி. இது குஞ்சு பொரிச்ச முதல் நாளே பண்ணையில் போட வேண்டியது. போட்டாச்சு என்று பில்லில் எழுதணும். அதற்குப் பிறகு 5 முதல் 7 நாளுக்குள் வெள்ளைக்கழிச்சலுக்குச் சொட்டு மருந்து, 2-வது வாரத்தில் கம்போரோ மருந்து, இதெல்லாம் நம்ம பொறுப்பு.

2. இறப்புக் கணக்கு. டிரைவர் முன்னாடியே பெட்டியைத் திறந்து எண்ணணும். செத்ததைச் சீட்டில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடணும். போனில் போட்டோவும் எடுத்துக்கணும். அடுத்த பில்லில் அது கழியணும்.

3. என்ன ரகம். சிறுவிடையா, பெருவிடையா, கிராஸா என்று பில்லில் இருக்கணும். சந்தையில் வாங்குறவங்க காலையும் கொண்டையையும் பார்த்தே விலை சொல்லிடுவாங்க. கிராஸ் கோழிக்கு நாட்டுக்கோழி விலை கிடைக்காது.

4. பணம். புக் பண்ணின அன்றைய விலையா, குஞ்சு இறக்குகிற அன்றைய விலையா என்று முதலிலேயே தெளிவாக வேண்டும். அட்வான்ஸ் கம்பெனி வங்கிக் கணக்குக்குத்தான் போகும். யாருடைய சொந்த போன் நம்பருக்கும் அனுப்ப மாட்டோம்.

அவர் மூன்றை உடனே ஒத்துக்கிட்டார். இறப்புக் கணக்குக்கு மட்டும் தலைமை அலுவலகத்தில் கேட்டு வந்தார். கூடுதல் குஞ்சு 5 தர முடியாது, 2தான் என்றார். நாங்களும் சரி என்றோம். வாயில் சொன்ன ஐந்தை விட தாளில் எழுதின இரண்டு மேல். கம்பெனி லெட்டர்பேடில், சீல் வைத்து, கம்பெனி பெயருக்கும் எங்கள் ஊராட்சிக் கூட்டமைப்பு பெயருக்கும் எழுதி வாங்கினோம். மேனேஜர் பெயருக்கு இல்லை. நாளைக்கு இந்தத் தம்பியும் மாறிப் போகலாம். அந்தத் தாள் எங்கள் பீரோவில் இருக்கும். அதற்குப் பிறகு வந்த 2 லோடுக்கும் கணக்கு சரியாக வந்தது.

இன்னொன்றும் சொல்லணும். குஞ்சு விற்க வருகிற எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழியில் எத்தனை குடும்பம் பணத்தை விட்டது என்று உங்களுக்குத் தெரியும். குஞ்சு தர்றோம், மாசாமாசம் பணம் தர்றோம் என்றார்கள். அந்தக் கறியை யார் வாங்கிச் சாப்பிடப் போறாங்க என்று கேட்க ஆளில்லை. "நாங்களே திருப்பி எடுத்துக்குவோம்" என்று யார் வந்தாலும், எந்தச் சந்தையில், என்ன விலைக்கு, யாருக்கு விற்கிறீங்க என்று முதலில் கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் நகையை அடகு வைத்துக் குஞ்சு வாங்காதீங்க.

கடைசியாக ஒரு கோரிக்கை. புரட்டாசியில் கறி விலை இறங்கும், குஞ்சு இறக்கப் பலர் தயங்குவார்கள். ஆனால் நாட்டுக்கோழி எடைக்கு வர மூணு நாலு மாசம் ஆகும். புரட்டாசியில் இறக்கின குஞ்சு தைப் பொங்கலுக்குத்தான் சந்தைக்கு வரும். அதனால் கோழி வளர்க்கிற எல்லாக் குழுவும் ஆவணியிலேயே எத்தனை குஞ்சு வேணும் என்று கூட்டமைப்பில் எழுதிக் கொடுத்து, ஒரே ஆர்டராகப் போடலாம். இதை இந்த வருஷமே தீர்மானமாகப் போடணும் என்று தலைவி அக்காவைக் கேட்டுக்கிறேன்.