தெருவின் பொறுப்பு

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில், கல்முனைக் கரையோரத்தைச் சேர்ந்த பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



 

சமூகத் தொண்டு பற்றிப் பேசும்படி சங்கம் கேட்டுக்கொண்டது. தொண்டு என்றதும் மேடையும் பொன்னாடையும் புகைப்படமும் நினைவுக்கு வருகின்றன. அவை எதுவும் இல்லாத ஒரு தொண்டைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு வீட்டில் ஒரு பெண் மௌத்தாகிறார். ஆண்கள் மையவாடியில் கபுறு வெட்ட ஏற்பாடு செய்வார்கள், பள்ளிவாசலில் அறிவிப்பார்கள், சந்தூக்கு கொண்டுவருவார்கள். ஆனால் அவரைக் குளிப்பாட்டிக் கபனிடப் பெண்கள்தான் வரவேண்டும். தண்ணீர், இலந்தை இலை, கற்பூரம், ஐந்து துண்டுத் துணி. மூன்று தரம் குளிப்பாட்ட வேண்டும். உடம்பை மூடியபடியே குளிப்பாட்ட வேண்டும். நோயோ காயமோ எதைக் கண்டாலும் வெளியே வந்து யாரிடமும் சொல்லக் கூடாது. இதைச் செய்பவருக்குச் சம்பளம் இல்லை. அவருடைய பெயர் எந்த மலரிலும் வருவதில்லை. நடுச்சாமத்தில் கதவைத் தட்டினாலும் எழும்பி வருவார்.

மார்க்கம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: பர்ளு கிபாயா. சிலர் செய்தால் எல்லோருடைய பொறுப்பும் நீங்கிவிடும். ஒருவரும் செய்யாவிட்டால் ஊரே குற்றவாளி. தொண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் எனக்குத் தெரியாது. "யாராவது செய்வார்கள்" என்று எல்லோரும் நினைக்கின்ற வேலை எதுவோ, அதுதான் நமது வேலை.

எங்கள் கரையோரத்தில் இந்தப் பொறுப்பு பெண்களிடம் இயல்பாகவே வந்து சேர்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. மருதமுனை தொடக்கம் அக்கரைப்பற்று வரை வீடு மகளுக்குத்தான். கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். உம்மாவின் வளவுக்குள் மூத்தவளுக்கு ஒரு வீடு, பக்கத்தில் இளையவளுக்கு ஒரு வீடு, பின்னால் சாச்சியின் வீடு. ஆண்கள் பிறந்த தெருவை விட்டுப் போவார்கள். பெண்கள் அங்கேயே இருப்பார்கள். எந்த வீட்டில் படுக்கையில் கிடக்கும் மூத்தம்மா இருக்கிறார், எந்த வீட்டில் இரவு அடுப்பு எரியவில்லை, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்பது பெண்களுக்குத் தெரியும். குடிவழியாக மரைக்கார்மார் பள்ளிவாசலை நடத்திய காலத்திலும், பிடியரிசி சேர்த்தது அடுப்படியில் நின்ற கைகள்தான். சோறாக்கும் அரிசியில் ஒரு பிடியை வேறாகப் போட்டுவைத்த அந்தப் பானையைத்தான் நான் எங்கள் ஊரின் முதல் நலன்புரிச் சங்கம் என்பேன்.

2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அருகில் நிலம் அதிர்ந்தது. இரண்டு மணித்தியாலத்துக்குள் கடல் எங்கள் தெருக்களுக்குள் வந்தது. இலங்கையில் ஆகக்கூடிய உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை, பத்தாயிரத்துக்கும் அதிகமானோர். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கடல் எந்த ஊரிலும் சாதி மதம் பார்க்கவில்லை.

அதன் பிறகு கிழக்குக் கரையோரத்தில் 13 முகாம்களில் இருந்த குடும்பங்களிடையே ஓர் ஆய்வு நடந்தது. அந்தக் குடும்பங்களில் ஆண்களில் 100க்கு 8 பேர் இறந்திருந்தார்கள். பெண்களில் 100க்கு 17 பேருக்கும் அதிகம். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் 100க்கு 31 பேருக்கும் அதிகம். பெண்கள் ஆண்களைப் போல் இரண்டு மடங்கு.

இந்தக் கணக்கின் மறுபக்கத்தையும் யோசித்துப் பாருங்கள். குளிப்பாட்ட வேண்டிய ஜனாஸாக்களில் பெரும்பகுதி பெண்களும் பிள்ளைகளும். குளிப்பாட்டத் தெரிந்த பெண்களும் அதே தெருக்களில் இருந்தவர்கள். அவர்களையும் கடல் கொண்டுபோயிருந்தது. கிணறுகளில் உப்புத் தண்ணீர். பலரைக் கூட்டாகத்தான் அடக்க வேண்டி வந்தது.

வெளிநாட்டு நிறுவனங்கள் வந்து சேர நாட்கள் சென்றன. அதுவரை ஊரைத் தாங்கியது பக்கத்து ஊர். சம்மாந்துறை போன்ற உள்ளூர்களில் பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் திறக்கப்பட்டன. தெரியாத வீட்டுப் பெண்கள் தெரியாத பிள்ளைகளுக்குச் சோற்றுப் பார்சல் கட்டினார்கள். தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும், இடையில் எத்தனை கசப்பு இருந்தாலும், அந்த நாட்களில் ஒன்றையொன்று தூக்கிவிட்டன. அவர்களில் எவரும் தொண்டர் என்று அட்டை மாட்டியிருக்கவில்லை.

பிறகு வந்த மாற்றத்தை நாம் அதிகம் பேசுவதில்லை. கடற்கரையில் வீடு கட்டத் தடைவலயம் வந்தது. வளவும் வீடும் இழந்தவர்கள் கல்முனை கிறீன்பீல்ட் போன்ற மாடி வீட்டுத் திட்டங்களுக்குப் போனார்கள். கூரை கிடைத்தது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒரே வளவில் இருந்த உம்மாவும் மகளும் ராத்தாவும் வெவ்வேறு இடங்களுக்குச் சிதறினார்கள். மூன்றாம் மாடியில் தனியே இருக்கும் ஒரு கிழவியின் அடுப்பு எரியவில்லை என்பது கீழ் வீட்டுக்குத் தெரியாது. முன்பு தானாகத் தெரிந்ததை இப்போது நாம் போய்த்தான் விசாரித்து அறிய வேண்டியிருக்கிறது.

கொரோனாக் காலம் இன்னொரு பாடம் தந்தது. 2020 முதல் 2021 பெப்ரவரி வரை ஜனாஸாக்கள் எரிக்கப்பட்ட வேதனையை நான் விவரிக்கத் தேவையில்லை. அடக்கம் செய்ய அனுமதி கிடைத்த பின்னரும் முதலில் நாடு முழுவதற்கும் ஓட்டமாவடி மஜ்மா நகர் என்ற ஒரே இடம்தான் இருந்தது. ஒரு வருடத்தில் 3,000க்கும் அதிகமானோர் அங்கே அடக்கப்பட்டார்கள். அவர்களில் பிற மதத்தவரும் உண்டு. தங்களுக்கு முகம் தெரியாதவர்களுக்காக அந்த ஊர் இளைஞர்கள் வெயிலிலும் மழையிலும் நின்றார்கள். உறவினர் நெருங்க முடியாத நேரத்தில் அவர்களே உறவினர். பர்ளு கிபாயா நம் கண்முன்னே நடந்தது.

சகோதரிகளே, இப்போது என் கவலைக்கு வருகிறேன். பல தெருக்களில் மையித்துக் குளிப்பாட்டத் தெரிந்தவர்களுக்கு வயது அறுபது, எழுபது. முழங்கால் வலியோடு வருகிறார்கள். அவர்களுக்குப் பின்னால் யார்? நம் பிள்ளைகள் வைத்தியர்களாக, பொறியியலாளர்களாக, சட்டத்தரணிகளாக வந்திருக்கிறார்கள். மாஷா அல்லாஹ். ஆனால் பலர் ஒரு ஜனாஸா வீட்டில் உள்ளறைக்குள் போகப் பயப்படுகிறார்கள். பயம் இயற்கை. ஒரு தரம் பெரியவர் ஒருவரோடு நின்று தண்ணீர் எடுத்துக்கொடுத்தால் பாதிப் பயம் போய்விடும்.

ஆகவே நூற்றாண்டு நினைவாக மூன்று காரியங்களைச் சங்கத்தின் முன் வைக்கிறேன். கட்டடமோ வளைவோ தேவையில்லை. கொப்பி ஒன்று போதும்.

முதலாவது, ஒவ்வொரு ஊரிலும் பழைய மாணவிகளில் ஐந்து பேர் மையித்துக் குளிப்பாட்டவும் கபனிடவும் பழக வேண்டும். தெரிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே பழக வேண்டும். பெயரும் தொலைபேசி இலக்கமும் பள்ளிவாசலிலும் ஜனாஸா நலன்புரிச் சங்கத்திலும் இருக்கட்டும். முறை வைத்துப் போகலாம்.

இரண்டாவது, கடிதம். பிரதேச செயலகத்திலிருந்தும் ஆஸ்பத்திரியிலிருந்தும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கடிதத்தை வைத்துக்கொண்டு வாசிக்க ஆள் தேடும் விதவைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். ஒரு திகதி தவறினால் ஒரு கொடுப்பனவு தவறும். ஒரு கிளினிக் தவறும். கிழமையில் ஒரு நாள் அஸருக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் ஒருவர் உட்கார்ந்தால் போதும். கட்டாரிலும் லண்டனிலும் மெல்பனிலும் இருக்கும் தோழிகள் பணம் அனுப்புகிறார்கள், அதற்கு நன்றி. அவர்கள் அந்தக் கடிதத்தைத் தொலைபேசியில் பார்த்து விளக்கவும் முடியும். அவர்கள் வாழும் ஊரிலும் தனித்திருக்கும் ஒரு முதியவர் இருப்பார். அவர் எந்த மதத்தவராயினும் அவருடைய கதவைத் தட்டுவதும் இதே தொண்டுதான்.

மூன்றாவது, கடல் இன்னும் அங்கேதான் இருக்கிறது. எச்சரிக்கை வந்தால் தானாக எழுந்து ஓட முடியாதவர் எந்த வீட்டில், அவரை யார் தூக்குவது, பெண் பிள்ளைகளை யார் கூட்டிப்போவது என்று ஒவ்வொரு தெருவுக்கும் எழுதிவைக்க வேண்டும். 2004இல் எங்களுக்கு எச்சரிக்கையும் இல்லை, அந்தப் பட்டியலும் இல்லை. எச்சரிக்கையை அரசாங்கம் தரலாம். பட்டியலைத் தெருவில் இருப்பவர்கள்தான் எழுத முடியும்.

தொண்டுக்கு நேரம் இல்லை என்று சொல்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். வேலை, பிள்ளை, சமையல், மாமியாரின் மருந்து எல்லாம் பெண்ணின் தலையில்தான். அதனால்தான் முறை வைக்கச் சொல்கிறேன். ஒருவர் எல்லாவற்றையும் சுமந்தால் இரண்டு வருடத்தில் களைத்துவிடுவார். பத்துப் பேர் சுமந்தால் யாருக்கும் பாரம் இல்லை.

இந்தக் கல்லூரி எங்களுக்கு எழுத்துத் தந்தது. அதை மற்றவருக்காக வாசித்துக் கொடுப்போம். இன்று வீட்டுக்குப் போகுமுன் வாசலில் வைத்திருக்கும் கொப்பியில் உங்கள் பெயரை எழுதுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்த நாள் வர முடியும் என்றும் எழுதுங்கள்.

நமக்கு முன் சென்ற ஆசிரியைகளையும் மாணவிகளையும், கடல் கொண்டுபோன நம் உறவுகளையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. வஸ்ஸலாம்.