ஒரு கூட்டத்திற்கு ஒரு விஷயம்

(திண்டுக்கல்லில் பிரசாரத் தோழர்கள் கூட்டத்தில் செய்த பிரசங்கத்தின் சாரம்)



பிரசங்கம் செய்வது எப்படி என்பதைப் பற்றி நாம் பேச வேண்டுமென்று இக்கூட்டத்தைக் கூட்டிய இளைஞர்கள் கேட்டுக் கொண்டார்கள். நாம் எந்தக் காலேஜிலும் படித்துப் பட்டம் பெற்றதில்லை. ஊர் ஊராய்ச் சுற்றி, கல்லெறியும் பட்டு, கைதட்டலும் வாங்கி, நமது தப்பிதங்களிலிருந்து கற்றுக் கொண்டதையே சொல்லப் போகிறோம். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள். இல்லையேல் தள்ளி விடுங்கள்.

முதலில் நமது யோக்கியதையைச் சொல்லி விடுகிறோம். சில வருஷங்களுக்கு முன் இந்தத் திண்டுக்கல் சமவெளியில் ஒரு கிராமத்திற்கு நம்மைப் பேச அழைத்தார்கள். அழைத்தவர் ஓர் ஆதித் திராவிட வாலிபர். அவ்வூர் டீக்கடைகளில் இரட்டைத் தம்ளர் முறை. அவருடைய தகப்பனார் அறுபது வயதிலும் கடைக்கு வெளியே நின்று குடித்துவிட்டு, தமக்கென்று ஒதுக்கிய தம்ளரைத் தாமே கழுவி வைத்துவிட்டுப் போக வேண்டும். "ஐயா, இதைப் பற்றி எங்க ஊர்க்காரங்ககிட்ட நாலு வார்த்தை கேளுங்க" என்பதே அவருடைய கோரிக்கை.

நாம் மேடையேறி இரண்டரை மணி நேரம் பேசினோம். புராணங்களின் யோக்கியதையைச் சொன்னோம், மனுதர்மத்தைச் சொன்னோம், ருஷ்யாவைச் சொன்னோம், ஜோசியம், சகுனம், கிரகணம், கல்யாணச் செலவு எல்லாவற்றையும் சொன்னோம். தம்ளரைப் பற்றியும் எங்கோ நடுவில் சொன்னோம். கைதட்டல் பலமாகவே இருந்தது. நாமும் பூரிப்போடு தூங்கினோம்.

மறுநாள் காலை பஸ்ஸுக்காக நின்றபோது, டீக்கடையில் இருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, "நேற்றுப் பேச்சு எப்படி?" என்று கேட்டோம். "நல்லாத்தான் பேசினீங்க. அந்தக் கிரகணம் சங்கதி ரொம்ப நல்லாயிருந்துச்சு" என்றார். அப்படிச் சொல்லும்போது அவர் பெஞ்சியில் உட்கார்ந்து ஒரு தம்ளரில் குடிக்கிறார். வாலிபரின் தகப்பனார் வெளியே நின்று வேறு தம்ளரில் குடிக்கிறார். வாலிபர் நம்மைப் பஸ் ஏற்றி விட்டார், ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தாலாவது நமக்கு வருத்தம் குறைந்திருக்கும்.

தோழர்களே! பாகவதர் செய்வதற்குக் காலக்ஷேபம் என்று பெயர். காலத்தைக் கழிப்பதுதான் அதன் வேலை; பெயரிலேயே ஒப்புக் கொண்டிருக்கிறார்கள். அன்று நாம் செய்ததும் காலக்ஷேபந்தான். அவர்களாவது ஜால்ராவோடு செய்கிறார்கள்!

நமது திண்டுக்கல் பூட்டுக்குப் பெயர் போன ஊர். 2019-ம் வருஷம் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பூட்டுக்காரரைக் கேளுங்கள்: நூறு சாவிக் கொத்தை ஆட்டினால் சத்தம் பலமாகக் கேட்கும், பூட்டுத் திறக்காது. திறப்பது அதற்குரிய ஒரு சாவிதான்.

இதே ஜில்லாவைச் சேர்ந்த பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்களை எண்ணிப் பாருங்கள். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதலாவது சுயமரியாதை மாகாண மாநாட்டுக்குத் தலைமை வகித்தவர் அவர். அம்மாநாட்டில் தீர்மானங்கள் பல நிறைவேறின. பாமர ஜனங்களுக்கும் போய்ச் சேர்ந்தது எது? பெயருக்குப் பின்னாலுள்ள ஜாதிப் பட்டத்தை விட்டுவிடு என்பது. ஏன்? கேட்டவன் வீட்டுக்குப் போய்த் தன் கையெழுத்திலேயே அதைச் செய்து காட்டலாம். பட்டம் போனதால் ஜாதி போய்விட்டதென்று நாம் சொல்லவில்லை. சொன்னது விளங்கியது, விளங்கியதால் நடந்தது என்றுதான் சொல்லுகிறோம்.

அக்காலத்தில் அவர் இராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராகவும் இருந்தார். தனியார் பஸ்களில் ஆதித் திராவிடர்களை ஏற்ற மறுத்து வந்தார்கள். அவர் சாஸ்திர விசாரம் செய்து கொண்டிருக்கவில்லை. ஏற்ற மறுத்தால் லைசென்சு ரத்து என்று உத்தரவு போட்டார். அதில் குழப்பிக் கொள்ள என்ன இருக்கிறது?

ஆகவே, மேடையேறுமுன் ஒன்று செய்யுங்கள். இன்று எதைச் சொல்லப் போகிறோம் என்பதை, எழுத்தறியாத வீட்டு மூதாட்டியிடம் ஒரே வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். "என்னப்பா சொல்றே?" என்று அவர் திருப்பிக் கேட்டால் உங்களுக்கே அது விளங்கவில்லை என்று அர்த்தம். விளங்கினால், அந்த வாக்கியத்தை ஆரம்பத்தில் சொல்லுங்கள், நடுவில் சொல்லுங்கள், முடிவிலும் சொல்லுங்கள். கதையோ கணக்கோ வேடிக்கையோ, அதற்கு உதவினால் வைத்துக் கொள்ளுங்கள். உதவாவிட்டால் எவ்வளவு கைதட்டல் வாங்கித் தருவதானாலும் வெட்டி விடுங்கள். நாளைக் காலை கேட்டவர் செய்ய வேண்டியது என்ன என்பதைச் சொல்லாமல் இறங்காதீர்கள்.

"ஒரே விஷயம் பேசினால் சலிக்காதா?" என்று கேட்கலாம். ஒரு வழியைப் பத்து அடையாளம் காட்டிச் சொன்னால் யாருக்கும் சலிப்பதில்லை. பத்து வழியை ஒரே மூச்சில் சொன்னால்தான் கேட்பவன் நடுத்தெருவில் நிற்பான். மற்ற விஷயங்களுக்கு மற்றக் கூட்டங்கள் இருக்கின்றன.

நிற்க. அந்தக் கிராமத்திற்கு மறு வருஷம் நாமே கேட்டுக் கொண்டு போனோம். அரைமணி நேரந்தான் பேசினோம். "நாளைக் காலை டீக்கடைக்குப் போனால், ஆதித் திராவிடத் தோழர் குடிக்கும் தம்ளரிலேயே எனக்கும் கொடு என்று கேளுங்கள்" என்பதே முழுப் பேச்சும். கைதட்டல் குறைவு, முணுமுணுப்பு அதிகம். மறுநாள் மேலத்தெரு வாலிபர்கள் நாலு பேர் அப்படியே கேட்டார்கள். கடைக்காரர் திகைத்தார். ஒரு மாதத்தில் அந்தக் கடையில் தம்ளர்கள் ஒரே வரிசைக்கு வந்தன. பெரியவர் பெஞ்சியில் உட்கார்ந்தார். மற்ற இரண்டு கடைகளில் இன்னும் வேலை பாக்கி இருந்தது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ஆகவே தோழர்களே, நமது பேச்சும் ஒரே வாக்கியந்தான்: ஒரு கூட்டத்திற்கு ஒரு விஷயத்தோடு போங்கள்; கேட்டவர் கையில் அதைக் கொடுத்துவிட்டு இறங்குங்கள். இதற்கு மேல் பேசினால் நாமே நமது விதியை மீறியவர்களாவோம் என்பதால் இத்துடன் முடித்துக் கொள்ளுகிறோம்.