கபீப் என்ற மல்யுத்த வீரர்: நம் பிள்ளைகள் எதைப் பார்க்க வேண்டும்?

(கோடை விடுமுறை முகாமின் நிறைவு நாளில், பெற்றோரும் பிள்ளைகளும் கலந்துகொண்ட கூட்டத்தில் நம் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கண்ணியத்திற்குரிய ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் செல்போனை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் என் அருமைப் பிள்ளைகளே!

வழக்கமாக இந்த நாளில் படிப்பு, மதிப்பெண், கல்வி உதவித்தொகை என்றுதான் பேசுவேன். இன்று ஒரு மல்யுத்த வீரரைப் பற்றிப் பேசப் போகிறேன். செயலாளருக்கு என்ன ஆயிற்று என்று சிலர் நினைக்கலாம். காரணம் இருக்கிறது.

நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம் நம் பிள்ளைகள் ஆடிய கிரிக்கெட் ஆட்டத்தில் சண்டை வந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு பையன் திட்டினான். இன்னொருவன் எல்லைக் கயிற்றைத் தாண்டிக் குதித்துப்போய் அடித்தான். அடிபட்ட பிள்ளைக்கு மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. இரண்டு வீட்டாரையும் வைத்துப் பேசி முடித்தோம். அன்று அடித்த பையனைத் தனியே அழைத்து, "ஏம்ப்பா இப்படிச் செஞ்சே?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டே சொன்னான்: "எங்க வாப்பாவைப் பத்தித் தப்பாப் பேசினான் மாமா. கபீப் குதிக்கலையா?"

எனக்குப் பதில் வரவில்லை. ஏனென்றால், 2018இல் அந்தக் காட்சி என் செல்போனுக்கு வந்தபோது, பார்த்துச் சந்தோஷப்பட்டு நாலு பேருக்கு அனுப்பியவன் நான். பிள்ளை கேட்ட கேள்வி எனக்கும் சேர்த்துத்தான். அதனால் அந்த மனிதரின் வரலாற்றைத் தேடிப் படித்தேன். படித்ததை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

கபீப் நூர்மகோமெதோவ் 1988 செப்டம்பர் 20 அன்று, ரஷ்யாவைச் சேர்ந்த தாகெஸ்தான் குடியரசில், சில்தி என்ற மலைக் கிராமத்தில் பிறந்தார். நாம் ஹபீப் என்று வைக்கிறோமே, அதே பெயர்தான். தாகெஸ்தான் என்றால் மலைகளின் நாடு என்று பொருள். ஒரு பக்கம் காக்கசஸ் மலை, மறுபக்கம் காஸ்பியன் கடல். சின்னப் பகுதிதான்; ஆனால் முப்பதுக்கும் மேற்பட்ட மொழிகள் பேசுகிறார்கள். பெரும்பாலோர் முஸ்லிம்கள். நம் ஊரில் கிரிக்கெட் எப்படியோ, அங்கே மல்யுத்தம் அப்படி. ரியோ, டோக்கியோ என இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம் வென்ற அப்துல்ரஷீத் சதுலாயெவ் அந்த மண்ணின் பிள்ளைதான்.

கபீபின் தந்தை அப்துல்மனாப் மல்யுத்த வீரர். சோவியத் ராணுவத்தில் இருந்தபோது ஜூடோவும் சாம்போவும் கற்றவர். சாம்போ என்பது மல்யுத்தத்தையும் ஜூடோவையும் கலந்து ரஷ்யாவில் உருவான தற்காப்புக் கலை. அவர் தம் வீட்டின் கீழ்த்தளத்தையே பயிற்சிக்கூடமாக மாற்றினார். கபீப் எட்டு வயதில் மல்யுத்தம் தொடங்கினார். 15 வயதில் ஜூடோ, 17 வயதில் சாம்போ. ஒன்பது வயதில் அவர் கரடிக்குட்டியோடு மல்லுக்கட்டும் காணொளியை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். நல்லவேளை, நம் தெருவில் கரடி இல்லை. ஆனால் அந்த ஒரு நிமிடக் காட்சிக்குப் பின்னால், தினமும் அதே பாயில் அதே பிடியைத் திரும்பத் திரும்பப் பழகிய பல ஆண்டுகள் இருக்கின்றன. அதை யாரும் படம் பிடித்து அனுப்புவதில்லை.

2008இல் எம்.எம்.ஏ. என்னும் கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிக்கு வந்தார். 2009, 2010 இரண்டு ஆண்டும் காம்பாட் சாம்போ என்ற பிரிவில் உலகச் சாம்பியன். 2012 ஜனவரியில் அமெரிக்காவின் யு.எஃப்.சி. நிறுவனத்தின் போட்டியில் முதன்முதலாக இறங்கினார். தாய்மார்களுக்காகச் சொல்கிறேன்: எட்டுப் பக்கம் கொண்ட கம்பிவலைக் கூண்டுக்குள் இரண்டு பேர் மோதுவார்கள். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளி அமுக்கலாம், கை கால் கழுத்தைப் பிடித்து மடக்கலாம். ஒரு சுற்று ஐந்து நிமிடம். சாதாரணப் போட்டிக்கு மூன்று சுற்று, பட்டத்துக்கு ஐந்து. தாங்க முடியாதவர் கையால் தட்டினால் தோல்வியை ஒப்புக்கொண்டதாகப் பொருள்.

இதில் மல்யுத்தக்காரருக்கு ஒரு வசதி உண்டு. சண்டை நின்றுகொண்டா, தரையிலா என்பதை அவர்தான் தீர்மானிப்பார். கபீப் எதிராளியைக் கம்பிவலை ஓரமாக நெருக்கிச் சாய்ப்பார். விழுந்தவரின் கால்களைத் தம் கால்களால் பின்னிக்கொள்வார். பிறகு அவர் எழுவது கடினம். 2013 மே மாதம் ஏபல் ட்ருஹியோ என்பவரை ஒரே போட்டியில் 21 முறை கீழே தள்ளினார். பதினைந்து நிமிடத்தில் 21 முறை! அது யு.எஃப்.சி. சாதனையானது.

எல்லாம் ஏறுமுகமாகவே போகவில்லை. 2014 ஏப்ரலுக்குப் பிறகு முழங்கால் காயம், அறுவை சிகிச்சை என்று இரண்டு ஆண்டுகள் களத்துக்கே வர முடியவில்லை. விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தார். திரும்பி வந்த பிறகு, 2017 மார்ச்சில் 70 கிலோ எடைப் பிரிவுக்காக உடலை வற்ற வைத்து எடை குறைக்கும்போது உடல்நிலை கெட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டோனி ஃபெர்குசனோடு நடக்கவிருந்த பெரிய போட்டி முதல் நாளில் ரத்தானது. உலகத் தரப் பயிற்சியாளர்கள் சுற்றி இருந்தவருக்கே இந்த நிலை. ஜிம்மில் யாரோ சொன்னார்கள் என்று தண்ணீர் குடிக்காமல் எடை குறைக்கும் பிள்ளைகள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

2018 ஏப்ரல் 7 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் அல் யாக்விண்டாவை வென்று பட்டம் பெற்றார். அடுத்து வந்ததுதான் அந்தப் பையன் சொன்ன போட்டி. அயர்லாந்தின் கானர் மெக்ரிகோர் முன்னாள் சாம்பியன். கபீப் இருந்த பேருந்தின் மீது இரும்புத் தள்ளுவண்டியை வீசியவர். கண்ணாடி உடைந்து வேறு வீரர்கள் காயப்பட்டார்கள். போட்டிக்கு முந்தைய நாட்களில் கபீபின் தந்தை, நாடு, மார்க்கம் எல்லாவற்றையும் இழிவாகப் பேசினார். அக்டோபர் 6 அன்று லாஸ் வேகாஸில் போட்டி. நான்காவது சுற்றில் கழுத்தைப் பிடித்து மடக்க, மெக்ரிகோர் கையால் தட்டிவிட்டார்.

அத்தனை ஏச்சுக்கும் அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. விதிக்கு உட்பட்டு, உலகமே பார்க்க, கண்ணியமான பதில். ஆனால் கபீப் அதோடு நிற்கவில்லை. கூண்டின் வேலியைத் தாண்டிக் குதித்து, கூட்டத்தில் நின்ற மெக்ரிகோரின் ஆள் மீது பாய்ந்தார். அதைப் பார்த்து அவருடைய அணிக்காரர்கள் கூண்டுக்குள் புகுந்து மெக்ரிகோரைத் தாக்கினார்கள். பட்டத்தை இடுப்பில் கட்டக்கூட முடியாமல் காவலர்கள் அவரை வெளியே அழைத்துப் போனார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் பார்த்த காணொளி இங்கே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு நடந்ததைக் கேளுங்கள். அன்று இரவே பத்திரிகையாளர்கள் முன் வந்து மன்னிப்புக் கேட்டார் கபீப். இது என் நல்ல பக்கம் அல்ல என்ற கருத்தில் பேசினார். வாப்பா என்ன செய்வாரோ என்ற பயத்தையும் மறைக்கவில்லை. தந்தையோ, மகன் வென்றுவிட்டான் என்று கொஞ்சவில்லை; ஒழுக்கம்தான் முதலில் என்று வெளிப்படையாகவே சொன்னார். கடுமையாகத் தண்டிக்க வேண்டாம் என்று ரஷ்ய அதிபர் புதின் அந்தத் தந்தையைக் கேட்டுக்கொள்ளும் அளவுக்குப் போயிற்று. நெவாடா மாநில ஆணையம் கபீபுக்கு 5 லட்சம் டாலர் அபராதமும் ஒன்பது மாதத் தடையும் விதித்தது. அவருக்காகப் பாய்ந்த அணிக்காரர்கள் இருவருக்கு ஓராண்டுத் தடை. ஒருவர் கோபத்தில் குதித்தால், அவரை நேசிப்பவர்களும் பின்னாலேயே குதிக்கிறார்கள். அவர்களும் சேர்ந்து விலை கொடுக்கிறார்கள்.

நபி (ஸல்) அவர்கள், வீரன் யார் என்று விளக்க மல்யுத்தத்தையே எடுத்துக்காட்டிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அடுத்தவரைக் கீழே தள்ளுவதில் அல்ல, கோபம் வரும் நேரத்தில் தன்னை அடக்கிக்கொள்வதில்தான் வீரம் என்பது அதன் கருத்து. மதரஸாவில் ஓதிய காலத்தில் மனப்பாடம் செய்த ஹதீஸ்தான். அந்தக் காணொளியை அனுப்பிய நாளில் எனக்கு அது நினைவுக்கு வரவில்லை.

கபீப் அந்தப் பாடத்தைப் பிறகு கற்றார். 2019 செப்டம்பரில் அபுதாபியில் டஸ்டின் போரியரை வென்றார். போரியரும் அவரும் போட்டிக்கு முன் ஒருவரை ஒருவர் மரியாதையாகவே நடத்தினார்கள். வென்றதும் இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். போரியர் நடத்தும் தொண்டு அமைப்புக்கு அதன் மூலம் ஒரு லட்சம் டாலர் போய்ச் சேர்ந்தது.

2020 ஜூலை 3 அன்று, கொரோனாவுக்குப் பின் ஏற்பட்ட பாதிப்புகளால் அப்துல்மனாப் மாஸ்கோ மருத்துவமனையில் வஃபாத்தானார். வயது 57. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதே ஆண்டு அக்டோபர் 24 அன்று, தந்தை இல்லாத முதல் போட்டி. எதிரே ஜஸ்டின் கேத்ஜி. இரண்டாம் சுற்றில் கேத்ஜியின் கை கபீபின் பிடியில் சிக்கும் நிலை. கபீப் கையை விட்டுவிட்டுக் கழுத்துப் பிடிக்கு மாறி வென்றார். ஏன் என்பதை அவரோடு பயிற்சி செய்த டேனியல் கார்மியர் பின்னர் சொன்னார்: கேத்ஜி கையால் தட்டி ஒப்புக்கொள்ள மாட்டார், கை முறிந்துவிடும், அதை அவருடைய பெற்றோர் கண் முன்னால் செய்ய கபீபுக்கு மனம் வரவில்லை.

2018இல் போட்டி முடிந்த பிறகும் அடிக்கப் பாய்ந்தவர், 2020இல் போட்டி நடக்கும்போதே எதிராளியின் தாயை நினைத்தார். நான் உங்களிடம் சொல்ல வந்தது இந்த இரண்டு ஆண்டு வித்தியாசத்தைத்தான்.

வென்றதும் கூண்டின் நடுவில் மண்டியிட்டு அழுதார். கையுறைகளைக் கழற்றித் தரையில் வைத்தார். தந்தை இல்லாமல் இனி போட்டியிட மாட்டேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருப்பதாக அறிவித்தார். அப்போது 29 போட்டி, 29 வெற்றி. முப்பது வெற்றியோடு ஓய்வு பெற வேண்டும் என்பது தந்தையின் ஆசை. இன்னும் ஒரே ஒரு போட்டிதான். யு.எஃப்.சி. தலைவர் டானா வைட் நேரில் சந்தித்துப் பேசியும் பார்த்தார். 2021 மார்ச்சில், இனி அவர் வரமாட்டார் என்று ஒப்புக்கொண்டார். அப்போது கபீபுக்கு வயது 32. உடம்பு தளரவில்லை, தோல்வி துரத்தவில்லை. தாய்க்குக் கொடுத்த வார்த்தை மட்டும் இருந்தது. பிறகு, தந்தையிடம் பயின்ற நண்பர் இஸ்லாம் மகாசெவுக்குப் பயிற்சி தந்தார். 2022 அக்டோபரில் மகாசெவ் அதே பட்டத்தை வென்றார்.

இவ்வளவு சொன்னதால், பிள்ளைகளைக் கூண்டுக்குள் அனுப்புங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்தில் அடிப்பதை நம் மார்க்கம் தடுத்திருக்கிறது. இந்த விளையாட்டில் அது உண்டு. ஆலிம்கள் பலர் ஏற்காததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உடற்பயிற்சியும் மல்யுத்தமும் வேறு. பிள்ளைகள் பார்ப்பதைப் பிடுங்கிவிட நம்மால் முடியாது. பக்கத்தில் உட்கார்ந்து, மிச்சக் கதையையும் சொல்ல முடியும். பெற்றோர்களே, அதை நாம் செய்யவில்லை. நான் செய்யவில்லை.

அந்தப் பையனுக்கு இந்த முழு வரலாற்றையும் சொன்னேன். பேசாமல் கேட்டான். மறுநாள் அஸருக்குப் பிறகு கைக்கட்டோடு இருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு அவனாகவே போயிருக்கிறான். அந்தப் பிள்ளையின் உம்மா முதலில் கதவைத் திறந்துவிட்டுப் பேசாமல் உள்ளே போய்விட்டாராம். பிறகு தேநீர் கொண்டுவந்து வைத்தாராம். இன்று இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள். யார் என்று திரும்பிப் பார்க்க வேண்டாம்.

நிர்வாகக் குழுவில் ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். வரும் மாதம் முதல், நம் கட்டடத்தின் மேல்தளத்தில் வாரம் மூன்று நாள் மாலை உடற்பயிற்சி வகுப்பு நடக்கும். கட்டணம் கிடையாது. விதிகள் மூன்று: பள்ளிக்கூடத்துக்குப் போகாத நாளில் இங்கேயும் வரக்கூடாது; எடை குறைக்கிறேன் என்று பட்டினி கிடக்கக் கூடாது; வெளியே சண்டை போட்டு வந்தால், அடித்தவரின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் பாயில் ஏற வேண்டும். சேர விரும்பும் பிள்ளைகள் வாப்பாவையோ உம்மாவையோ அழைத்துக்கொண்டு வந்து பெயர் கொடுக்கவும்.

நம் பிள்ளைகளுக்கு உடல் பலத்தையும், அதை அடக்கி ஆளும் பலத்தையும் அல்லாஹ் தருவானாக. கைக்கட்டோடு இருக்கும் பிள்ளைக்கு விரைவில் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.