பெண்ணின் மானமும் சம்பாத்தியமும்

(திருப்பாலைவனத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் ஒரு சினிமா நடிகையைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும், "சுயமரியாதைக்காரர்களுக்கு வேறு விஷயம் அகப்படவில்லையா?" என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அவருடைய அழகைப் பற்றியோ, நகை நட்டைப் பற்றியோ பேச நாம் இங்கு வரவில்லை. ஒரு பெண்ணுக்கு மானம் எதில் இருக்கிறது? அடுப்பங்கரையில் அடங்கிக் கிடப்பதிலா, அல்லது தன் கையால் சம்பாதித்துத் தன் காலில் நிற்பதிலா? இந்தக் கேள்விக்கு அவருடைய வாழ்க்கையே ஒரு பதிலாக இருக்கிறது. அதனாலேயே அதை எடுத்துக் கொண்டோம்.

அவர்தான் சௌகார் ஜானகி. 1931-ம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி ராஜமுந்திரியில் பிறந்தவர். தாய்மொழி தெலுங்கு. உங்கள் பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம் தெலுங்கு, இந்தப் பக்கம் தமிழ் என்றாலும் தண்ணீர் ஒன்றாகவே இருப்பது போல, பெண்களின் கஷ்டமும் இரண்டு பாஷையிலும் ஒன்றேதான். சிறு பெண்ணாயிருக்கும்போதே அவர் ரேடியோ நாடகங்களில் பேசினார். அந்தக் குரலைக் கேட்டுப் படமுதலாளி பி.என். ரெட்டி அவர்கள் நடிக்கக் கூப்பிட்டார். வீட்டார் என்ன செய்தார்கள்? நம் பெண்ணுக்கு இவ்வளவு திறமையா என்று சந்தோஷப்பட்டார்களா? இல்லை. சினிமா என்றால் குடும்பத்துக்கு அவமானம் என்று சொல்லி, 1947-ல் அவசர அவசரமாகக் கல்யாணத்தைச் செய்து வைத்தார்கள். அப்போதிருந்த சாரதா சட்டப்படி பெண்ணுக்கு 14 வயது ஆனால் போதும். 1949-ல் அது 15 ஆகி, 1978-ல்தான் 18 ஆயிற்று.

சரி, கல்யாணம் செய்து வைத்த அந்த மானம் சோறு போட்டதா? போடவில்லை. குடும்பத்துக்கு வருமானம் போதவில்லை. கையில் குழந்தை. அப்போது அந்தப் பெண் கோவிலுக்குப் போய் நேர்ந்து கொண்டு காத்திருக்கவில்லை. முன்பு தன்னைக் கூப்பிட்டவர்களிடமே கைக்குழந்தையோடு போய் வேலை கேட்டார். 1950-ல் எல்.வி. பிரசாத் அவர்கள் எடுத்த 'சௌகார்' என்ற தெலுங்குப் படம் வெளியாயிற்று. அன்று முதல் அவர் பெயர் சௌகார் ஜானகி.

தோழர்களே! அந்தப் பெயரைச் சற்று யோசித்துப் பாருங்கள். சௌகார் என்றால் யார்? கொடுக்கல் வாங்கல் செய்யும் பணக்காரர். வலைக்கும் படகுக்கும் முன்பணம் கொடுத்துவிட்டு, பிடித்த மீனுக்குத் தானே விலை வைப்பவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அந்தப் பட்டம் கையில் காசில்லாமல் வேலை தேடி வந்த ஒரு தாய்க்கு வந்து சேர்ந்தது வேடிக்கைதான். ஆனால் அதில் ஒரு நல்ல சங்கதியும் இருக்கிறது. அவர் பெயருக்கு முன்னால் நிற்பது சாதியல்ல, புருஷன் பெயருமல்ல, அவர் செய்த வேலையின் பெயர்!

1952-ல் பாரதிதாசன் அவர்கள் வசனம் எழுதிய 'வளையாபதி' மூலம் தமிழுக்கு வந்தார். பிறகு பல வருஷம் படமுதலாளிகள் அவருக்குக் கொடுத்ததெல்லாம் பெரும்பாலும் அழுகிற மனைவி வேஷந்தான். எவ்வளவு கொடுமை செய்தாலும் கணவன் காலைக் கட்டிக் கொண்டு அழ வேண்டும். கொட்டகையிலுள்ள நம் தாய்மார்களும் அதைப் பார்த்து அழ வேண்டும். நாம் சொல்லுவது இதுதான்: திரையில் அழுதவர் வாழ்க்கையில் அழுதுகொண்டு உட்காரவில்லை. பிள்ளைகளை வளர்த்தார், மேடை நாடகத்திலும் நடித்தார், 1970-ல் 'காவியத் தலைவி'யைத் தாமே படமெடுத்தார். ஆகவே தாய்மார்களே, அவர் நடித்ததைப் பார்த்து அழுவதைவிட, அவர் நடந்ததைப் பார்த்துக் கற்றுக் கொள்ளுங்கள்.

1969-ல் பாலசந்தர் அவர்கள் எடுத்த 'இரு கோடுகள்' படத்தில் அவர் கலெக்டராக வருவார். பிரிந்து போன கணவன் அதே ஆபீசில் குமாஸ்தா. படிப்பும் உத்தியோகமும் வந்தால் யார் யாருக்கு எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது பார்த்தீர்களா? எந்தச் சாஸ்திரம் இதைத் தடுக்க முடிந்தது?

அவமானம் என்று சொன்ன குடும்பத்தின் கதி என்னவாயிற்று? தங்கை கிருஷ்ணகுமாரியும் பேர் பெற்ற நடிகையானார். பேத்தி வைஷ்ணவியும் நடித்தார். 2022-ல், 90 வயதில், சர்க்கார் பத்மஸ்ரீ பட்டம் கொடுத்தது. அந்த வயதில் அவர் திரும்பிப் பார்த்துப் பழங்கதைகளைச் சொல்லும்போது எல்லோரும் மரியாதையாகக் கேட்கிறார்கள். 1947-ல் இருந்த அவமானம் எங்கே போயிற்று? தொழிலில் அது எப்போதுமே இருந்ததில்லை. பார்த்தவர் புத்தியில்தான் இருந்தது.

இதை ஏன் இந்த ஊரில் சொல்லுகிறோம்? உங்கள் வீட்டுப் பெண்கள் விடியுமுன் கூடையைத் தலையில் தூக்கிக் கொண்டு மீன் விற்கப் போகிறார்கள். இருளர் வீட்டுப் பெண்கள் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறார்கள். அந்தக் காசில்தான் பல வீட்டில் உலை கொதிக்கிறது. ஆனால் ஏரியில் பாடு பங்கிடும்போது கணக்கு என்ன? தலைக்கட்டுக் கணக்கு. தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண் பிள்ளை. கூடை சுமக்கிற தலை, தலையாகாதா? புருஷனைக் கடல் கொண்டு போனால் அவள் யாரிடம் போய்ப் பங்கு கேட்பாள்?

பழைய வழக்கம், மாற்ற முடியாது என்பீர்கள். 1929-ல் செங்கற்பட்டு சுயமரியாதை மகாநாட்டில் பெண்ணுக்கும் சமமான சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தபோதும் அப்படித்தான் சொன்னார்கள். 1989-ல் தமிழ்நாட்டிலும், 2005-ல் இந்தியா முழுவதும், இந்துக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் மகனோடு சமபங்கு என்று சட்டமே வந்துவிட்டது. சட்டம் மாறுமானால் உங்கள் ஊர்க்கட்டு ஏன் மாறக்கூடாது?

ஆகவே தோழர்களே, நாம் கேட்பது இரண்டே காரியம். பெண் படித்து முடித்து, தனக்கென்று ஒரு தொழில் கொள்ளும் வரை அவளுக்குக் கல்யாணப் பேச்சை எடுக்காதீர்கள். ஊர்க்கூட்டத்தில் பங்குக் கணக்கு எழுதும்போது உழைக்கிற பெண்ணின் பெயரையும் எழுதுங்கள். இதற்கு ஐயர் வேண்டாம், நாள் நட்சத்திரம் வேண்டாம்; பேனாவும் கொஞ்சம் யோக்கியமான புத்தியும் இருந்தால் போதும். இதை நாம் சொன்னோம் என்பதற்காக ஒப்புக்கொள்ள வேண்டாம். வீட்டுக்குப் போய் உங்கள் தாயாரையும் மனைவியையும் கேட்டு, யோசித்து, சரியென்று பட்டால் செய்யுங்கள்.